பாஸ்டர் ஊற்றிய தண்ணீருக்கு ஒரு சீல்

1. வாயைத் திறந்த நாள்

என் வாயால் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட இடம் பறிபோகப் பார்த்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் கோவிலின் பங்கு ஒஃபிசில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்தவள் நான். ஞானஸ்நானம், கலியாணம், மரணம் என்று மூன்று ரெஜிஸ்டரும் என் கையெழுத்தால்தான் நிரம்பின. ஐந்து பங்குத்தந்தையர் வந்து போனார்கள். இரும்பு அலுமாரியின் சாவி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அவ்வளவு அனுபவம் உள்ளவள் செய்த மடத்தனத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இப்போது அந்தக் கதிரையில் இருக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் கம்பியூட்டரில் தட்டுகிறார்கள். தட்டட்டும். மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற சனம் அதே சனம்தான்.

தரம் ஒன்றுக்கு அப்ளிகேஷன் கூப்பிடுகிற மாதம் வந்தால் எங்கள் ஒஃபிசுக்குப் பைத்தியம் பிடிக்கும். கன்னியர் மடப் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றன. அதற்கு ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும், பங்குத்தந்தையின் கடிதமும் வேண்டும். வருடக்கணக்காகக் கோவில் வாசலை மிதிக்காதவர்களுக்கெல்லாம் அந்த மாதத்தில் திடீரென்று விசுவாசம் பொங்கும்.

"மிஸ், பிள்ளையின்ர ஞானஸ்நானப் பத்திரம் ஒண்டு வேணும். இண்டைக்கே தர ஏலுமா?"

"எந்த வருசம் குடுத்தது?"

"இன்னும் குடுக்கேல்ல மிஸ். அதையும் இண்டைக்கே முடிச்சிடுவமே?"

இந்த மாதிரி ஆட்களிடம் நான் சிரிப்பதில்லை. சிரித்தால் உறவு கொண்டாடுவார்கள்.

டிலானி அப்படிப்பட்டவள் அல்ல. அந்த மாதத்துக்கு நன்றாக முன்னரே வந்துவிட்டாள். அவளை ஆரம்பத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது, ஏனென்றால் அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் பங்கில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை. கோவிலுக்குப் பக்கத்து ரோட்டில் ஒரு ஃபார்மசியில் வேலை. புருஷன் ஸ்டீபன், ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் கிளார்க். ஸ்டீபனின் அப்பாதான் சிக்கல். அவர் வெள்ளவத்தையில் ஒரு சபை நடத்துகிற பாஸ்டர் ஞானராஜ்.

"மாமாவுக்குக் குழந்தை ஞானஸ்நானம் எண்டாலே ஆகாது மிஸ். அது தலையில தண்ணி தெளிக்கிற சடங்கு, அதால ஒருத்தரும் இரட்சிக்கப்படமாட்டினம் எண்டு மேடையிலேயே பேசுவார். ஆனா எனக்கு அந்த ஸ்கூல்தான் வேணும்."

"கொழும்பில வேற ஸ்கூல் இல்லையா?"

"இருக்கு. அபிஷா ஏழாம் மாசத்திலயே பிறந்த குறைமாசப் பிள்ளை. நெஞ்சு சரியில்ல. இழுப்பு வந்தா அஞ்சு நிமிசத்தில நான் பக்கத்தில நிக்க வேணும். மடத்து ஸ்கூல் எண்டா ஃபார்மசியில இருந்து ஓடிப் போயிடுவன். தூரத்து ஸ்கூலுக்கு வேனில ஏத்தி விட்டா, ட்ரஃபிக்கில நடுவழியில இழுத்தா யார் பாக்கிறது?"

இதைவிடப் பெரிய விசுவாச அறிக்கையை நான் அந்த ஒஃபிசில் கேட்டதில்லை.

2. எட்டு ஞாயிறு, எட்டு சீல்

அப்போது எங்களுக்கு ஒரு புது ஃபாதர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். உரோமையில் திருச்சபைச் சட்டம் படித்துவிட்டு வந்தவர். படித்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் எங்கள் தலையில் இறக்கினார். எதற்கும் ஒரு சட்ட எண் சொல்வார். கோவில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அதற்கும் ஒரு எண் வைத்திருப்பாரோ என்று நான் நினைத்ததுண்டு.

டிலானிக்கு அவர் விதித்தது இது: எட்டு ஞாயிறு தொடர்ந்து பூசைக்கு வர வேண்டும். அதற்கு ஒரு கார்ட். பூசை முடிந்ததும் ஒஃபிசுக்கு வந்து என்னிடம் சீல் குத்திக்கொள்ள வேண்டும். எட்டுச் சீலும் விழுந்தால் ஒன்பதாவது ஞாயிறு ஞானஸ்நானம். ஆண்டவர் கள்ளனுக்குச் சிலுவையிலேயே மோட்சம் கொடுத்தாராம். எங்கள் பங்கில் அந்தக் கள்ளனும் எட்டு வாரம் வந்துதான் ஆக வேண்டும்.

டிலானி வந்தாள். காலை ஏழு மணிப் பூசைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். சீல் குத்தியதும் ஓட்டமாக ஓடி பஸ் பிடித்து, பத்து மணிக்கு வெள்ளவத்தைச் சபையில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டிப் பாடுவாள். இங்கே "ஆண்டவர்", அங்கே "கர்த்தர்". இங்கே "தூய ஆவி", அங்கே "பரிசுத்த ஆவி". ஒரு நாள் அவசரத்தில் எங்கள் பூசையில் கையை உயர்த்தி "அல்லேலூயா" என்று கத்திவிட்டாள். முன் வரிசையில் இருந்த பங்குச் சபைத் தலைவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவள் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி. நாங்களும் அதே சொல்லைத்தான் நற்செய்திக்கு முன்னால் பாடுகிறோம். அதைச் சத்தமாகச் சொன்னதுதான் குற்றம்.

எட்டுச் சீலும் விழுந்தன. வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. ஞானத்தாய்க்கு ஆள் பிடித்தாயிற்று. ஞாயிறு ஞானஸ்நானம், அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அப்ளிகேஷன் முடிவுத் தேதி. வியாழக்கிழமை நான் ஃபோம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த தேதி, ஹொஸ்பிட்டல் என்று கேட்டுக்கொண்டு போகும்போது டிலானி சும்மா கதையாக ஒன்று சொன்னாள்.

"அண்டைக்குப் பிள்ளை தப்பாது எண்டுதான் மிஸ் சொன்னவை. நான் ஒப்பரேஷன் முடிஞ்சு வார்டில மயக்கத்தில கிடக்கிறன். மாமாவை மட்டும் பாஸ்டர் எண்டு உள்ளுக்க விட்டிருக்கினம். ஸ்டீபன் கண்ணாடிக்கு வெளியில நிண்டு பாத்தவர். மாமா போத்தில் தண்ணியில கொஞ்சம் எடுத்துப் பிள்ளையின்ர தலையில விட்டு ஏதோ சொன்னாராம். அங்க நிண்ட அட்டெண்டன்ட் அக்காவும் வேதக்காரி, எங்கள மாதிரிக் கத்தோலிக்கம். 'உங்கட மாமா பழைய ஆக்கள் மாதிரி இஸ்பிரீத்து சாந்து எண்டு செபம் சொன்னாரே' எண்டு பிறகு எனக்குச் சொல்லிச் சிரிச்சவ."

என் பேனை நின்றது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இப்போது நாங்கள் "தூய ஆவி" என்று சொல்வதை, எங்கள் முந்தைய தலைமுறை "இஸ்பிரீத்து சாந்து" என்றுதான் சொன்னது. பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர் காலத்துச் சொல். அந்தக் காலத்தில் ஞானோபதேச வகுப்பில் ஆபத்து ஞானஸ்நானம் என்று ஒரு பாடம் இருந்தது. பிள்ளை சாகக் கிடந்தால், குருவானவர் வர நேரமில்லாவிட்டால், யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி, "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துடையவும் நாமத்தினாலே" என்று சொல்ல வேண்டும். பிழை விட்டால் உபதேசியார் காதைத் திருகுவார். பாஸ்டர் ஞானராஜ் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. எங்கள் பங்கில்தான் ஞானோபதேசம் படித்தவர். இருபத்தைந்து வயதில்தான் சபைக்குப் போனார்.

அதாவது, குழந்தை ஞானஸ்நானத்துக்கு எதிராக நாற்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியவர், தன் பேத்திக்குக் கத்தோலிக்க முறைப்படி குழந்தை ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்!

எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல. டிலானி போனதும் போகாததுமாக எழுந்து ஃபாதரின் அறைக்கு ஓடினேன். நக்கலாக ஒரு கதை கிடைத்துவிட்டது என்று ஓடினேனே தவிர, அடுத்து என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. சட்டம் தெரிந்தவள் என்ற திமிர். முப்பத்தொரு வருடத்தில் நான் விட்ட மிகப் பெரிய பிழை அந்தப் பத்தடி நடைதான்.

3. ஸ்பீக்கரில் ஒரு தர்க்கம்

ஃபாதர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த சட்டப் புத்தகத்தை இழுத்தார்.

"மிஸ், அப்ப ஞாயிறு ஞானஸ்நானம் குடுக்க ஏலாது."

"ஏன் ஃபாதர்?"

"பிள்ளை ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்றிருக்கு. இரண்டாம் தரம் குடுக்கிறது பாவம்."

"அப்ப பத்திரம் எழுதட்டா?"

"எப்பிடி எழுதுறது? சாட்சி வேணும். என்ன சொல் சொல்லி ஊத்தினது எண்டு கேட்டவர் யார்?"

ஸ்டீபன் கண்ணாடிக்கு வெளியே நின்றவன், ஒன்றும் கேட்கவில்லை. அட்டெண்டன்ட் அக்கா குவைத்துக்குப் போய்விட்டாள், நம்பர் ஒருவரிடமும் இல்லை.

"சந்தேகம் எண்டா நிபந்தனையோட குடுக்கலாம்தானே ஃபாதர்? 'நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' எண்டு சொல்லி."

"விசாரிச்ச பிறகும் சந்தேகம் இருந்தாத்தான். குடுத்தவர் உயிரோட வெள்ளவத்தையில இருக்கேக்க, அவரைக் கேக்காம எப்பிடிக் குடுக்கிறது?"

நன்றாக இருக்கிறது அல்லவா? ஏற்கனவே பெற்றதால் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. பெற்றதற்குச் சாட்சி இல்லாததால் பத்திரமும் கொடுக்க முடியாது. நான் வாயை மூடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கிற வேலை.

ஃபாதர் பாஸ்டருக்குக் கோல் எடுத்தார். நானும் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"பாஸ்டர், ஹொஸ்பிட்டலில பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினீங்களாம். பிதா, சுதன், தூய ஆவி மூண்டு பேரையும் சொன்னீங்களா? இல்லாட்டி இயேசுவின்ர பேரை மட்டும் சொன்னீங்களா?"

பாஸ்டரின் மேடைக் குரல் வந்தது.

"உங்கட ரோமாபுரிச் சட்டத்துக்கு நான் ஏன் பதில் சொல்ல வேணும்? வேதத்தில எங்க இருக்கு குழந்தை ஞானஸ்நானம்? விசுவாசிக்கிறவனுக்குத்தான் ஞானஸ்நானம். தொட்டிலில கிடக்கிறது எதை விசுவாசிக்கும்?"

"அப்ப நீங்க செய்தது ஞானஸ்நானம் இல்லையா?"

"அது ஜெபம்."

"தண்ணியோடயா?"

பாஸ்டர் இருமினார். ஃபாதர் விடவில்லை.

"பாஸ்டர், நீங்க நம்பினாலும் நம்பாட்டியும், தண்ணியும் சொல்லும் சரியெண்டா அது செல்லும். ஆபத்தில யாரும் குடுக்கலாம். நீங்களும் குடுக்கலாம். நீங்க குடுத்தது நல்ல ஞானஸ்நானம்."

"எனக்கு அனுமதி தர நீங்க யார்? என்னை அபிஷேகம் பண்ணினது கர்த்தர். நான் குடுக்கேல்ல!"

"குடுத்திருக்கிறீங்க!"

"இல்லை எண்டுறன்!"

இப்படியே இருபது நிமிடம் போனது. நான் அந்த மேசைக்கு முன்னால் நின்று கேட்டேன். பாஸ்டர் செய்தது செல்லும் என்று கத்தோலிக்கக் குரு வாதாடுகிறார். தான் செய்தது செல்லாது என்று பாஸ்டர் வாதாடுகிறார். ஒருவர் பேதுருவின் திறவுகோலைப் பற்றிப் பேசினார், மற்றவர் நிருபங்களிலிருந்து வசனமாகக் கொட்டினார். கிரியையா விசுவாசமா என்று கூட வந்துவிட்டது. இருபது நிமிடத்தில் அபிஷா என்ற பெயரை இரண்டு பேரும் ஒரு தரம் கூடச் சொல்லவில்லை. பிள்ளைக்கு இழுப்பு வருவதைப் பற்றி இருவருக்கும் தெரியும்.

பாஸ்டரின் தந்திரம் எனக்கு விளங்கியது. "ஓம், சொன்னனான்" என்றால் குழந்தை ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று சபை காறித் துப்பும். "சொல்லேல்ல" என்றால் ஃபாதர் ஞாயிற்றுக்கிழமையே பேத்திக்கு ஊற்றிவிடுவார். அதனால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

ஃபாதர் ஃபோனை வைத்துவிட்டுத் திருப்தியாகச் சொன்னார். "ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேப்பம். ஒரு மாசத்தில பதில் வரும்."

"அப்ளிகேஷன் அடுத்த வெள்ளி முடியுது ஃபாதர்."

"திருச்சபை ஸ்கூல் கலண்டரைப் பாத்து நடக்கிறதில்ல, மிஸ்."

பின்னேரம் டிலானி வந்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கத்தவில்லை. கார்டை மேசையில் வைத்தாள், எட்டுச் சீலும் மேலே தெரியும்படி. "நான் உங்களுக்குச் சும்மா கதையாச் சொன்னனான் மிஸ். உங்களை நம்பித்தானே சொன்னனான்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். செருப்பால் அடித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

4. வல்லாரைக்குக் கீழே ரெஜிஸ்டர்

பங்கு ஒஃபிசின் முதல் சட்டம், ரெஜிஸ்டர் ஒஃபிஸ் வாசலைத் தாண்டக்கூடாது. நெருப்புப் பிடித்தால் கிளார்க் பிறகு, ரெஜிஸ்டர் முதல். அதுவரை நான் அதை மீறியதில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஃபாதர் கூட்டமொன்றுக்குப் போன நேரம் பார்த்து, நடப்பு ஞானஸ்நான ரெஜிஸ்டரை மார்க்கெட் பேக்கில் போட்டு, மேலே இரண்டு கட்டு வல்லாரையை வைத்துக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினேன். பிடிபட்டால் வேலை போகும், பென்ஷன் என்று ஒன்று எங்களுக்கு இல்லாததால் அது போகாது.

சபை கடற்கரைப் பக்கம் போகிற ஒரு லேனில், தையல் கடைக்கு மேலே. ஹோல் முழுக்க பிளாஸ்டிக் கதிரை, ஒரு ட்ரம் செட், சுவரில் பெரிய எழுத்தில் வசனம். பாஸ்டர் தனியாக மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை விரித்தார்.

"வாங்க சகோதரி. நீங்க இரட்சிக்கப்பட்டிட்டீங்களா?"

"முழங்கால் வலியோட மாடி ஏறி வந்திருக்கன். முதல்ல இருக்க விடுங்க."

இருந்தேன். வல்லாரையை எடுத்து வெளியே வைத்தேன். ரெஜிஸ்டரைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"நீங்க கொட்டாஞ்சேனைக் கோவில் மிஸ் எல்லோ?"

"ஓம். உங்கட ஞானஸ்நானமும் எங்கட அலுமாரியிலதான் இருக்கு. பழைய வொல்யூமில."

"அதை நான் தெஹிவளைக் கடலில முழுகிக் கழுவிட்டன்."

"நல்லது. எங்கட மை கடல் தண்ணிக்குப் போகாது."

அவர் வசனத்தை எடுத்தார். நான் பேச விட்டேன். ஓய்ந்த பிறகு சொன்னேன்.

"பாஸ்டர், நீங்க என்ன சொன்னீங்க எண்டு நான் கேக்கேல்ல. அது ஃபாதரின்ர கேள்வி. குழந்தைக்குத் தண்ணி ஊத்துறதால ஒண்டும் இல்லையெண்டா, அண்டைக்கு அந்தப் போத்திலை ஏன் திறந்தனீங்க?"

அவர் வயரை மேசையில் வைத்தார். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் பேசத் தொடங்கியபோது அது மேடைக் குரல் இல்லை.

"பின்னேரம் தாண்டாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். என்ர சபையில எத்தினை வீட்டில பிள்ளை செத்திருக்கு. நான் போய்ச் சொல்லுவன், கர்த்தர் பாத்துக்கொள்வார், கைப்பிள்ளைக்கு நியாயத்தீர்ப்பு இல்ல, அழாதீங்க எண்டு. அதை நான் நம்பித்தான் சொன்னனான். அண்டைக்கு அது என்ர வீட்டில எண்டதும் எனக்கு அந்த ஆறுதல் போதேல்ல."

மேசையில் கிடந்த வயரை விரலால் தள்ளினார்.

"பயந்திட்டன், மிஸ். நாப்பது வருசமா இரட்சிப்பு, இரட்சிப்பு எண்டு கத்தினவன். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால எனக்கு ஒண்டும் தெரியேல்ல. ஒரு உள்ளங்கை அளவு பிள்ளை. எது சரி, எது பிழை எண்டு யோசிக்கேல்ல. ஒருவேளை கோவில்காரர் சொல்றது சரியா இருந்தா எண்டு மட்டும் நினைச்சன். சின்னனில காதைத் திருகிப் பாடமாக்க வச்சது வாயில வந்திட்டு."

உண்மையைச் சொல்கிறேன். நான் அந்த மாடியில் ஏறும்போது நக்கல் பண்ணத் தயாராகத்தான் போனேன். நாக்கு நுனியில் நாலைந்து வைத்திருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. எங்கள் ஃபாதர் புத்தகம் புத்தகமாகப் படித்ததையும் இவர் மேடை மேடையாகப் பேசியதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு திருச்சபைகளிலும் நான் கேட்ட ஒரே நேர்மையான பேச்சு அதுதான்.

ரெஜிஸ்டரைத் திறந்தேன். பிள்ளையின் பெயர், தாய், தகப்பன், இடம், தேதி எல்லாம் எழுதி வைத்திருந்தேன். குறிப்பு என்ற இடத்தில் அன்று சொன்ன சொல்லை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தினார். "ஞானஸ்நானம் கொடுத்த குரு" என்று அதில் அச்சடித்திருக்கிறது.

"இதில குரு எண்டு இருக்கு. வெட்டிப்போட்டு எழுதட்டா?"

"ரெஜிஸ்டரில வெட்டுக்குத்து கூடாது."

"நான் உங்கட குரு இல்லையே."

"அண்டைக்கு அந்த அறையில வேற குரு ஒருத்தரும் இருக்கேல்ல, பாஸ்டர். சைன் பண்ணுங்க."

சைன் வைத்தார். சபைக்குத் தெரிய வருமா என்று மட்டும் கேட்டார். அலுமாரிக்குப் பூட்டு இருக்கிறது என்றேன். நான் இறங்கும்போது அவர் திரும்பவும் வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார், அதே வயரை.

5. சீல்

ஃபாதருக்கு நானே சொன்னேன். முதலில் ரெஜிஸ்டர் வாசல் தாண்டியதற்குக் குதித்தார். என்னை அடுத்த மாதத்தோடு நிறுத்துவதாகச் சொன்னார். நிறுத்துங்கள் என்றேன், நானும் அடுத்த வருடம் போகத்தான் இருந்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டு அந்த வரியைப் படித்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடம் திரும்பவும் சுருங்கியது.

"இஸ்பிரீத்து சாந்து. ம்... இது அங்கீகரிச்ச சொல் இல்ல, மிஸ். இப்ப உள்ள சடங்குப் புத்தகத்தில 'தூய ஆவியார்' எண்டுதான் இருக்கு. இதையும் ஆயர் இல்லத்தில ஒருக்கா..."

அவ்வளவுதான். எனக்கு விசர் வந்துவிட்டது. அலுமாரியைத் திறந்து மிகப் பழைய வொல்யூம் இரண்டை இழுத்து அவருடைய சட்டப் புத்தகத்தின் மேலேயே போட்டேன். தூசி பறந்தது.

"பாருங்க ஃபாதர். வீட்டில மருத்துவிச்சி குடுத்தது, தாய் குடுத்தது, பக்கத்து வீட்டுக்காரி குடுத்தது. பக்கம் பக்கமா இருக்கு. இந்த மனிசிமாருக்கு லத்தீனும் தெரியாது, உங்கட புதுப் புத்தகமும் தெரியாது. எல்லாம் இஸ்பிரீத்து சாந்துதான். இதில தப்பின பிள்ளையளின்ர பேரப்பிள்ளையள்தான் இப்ப உங்கட முன் வரிசையில இருக்கினம். பங்குச் சபைத் தலைவரின்ர அப்பாவும் இருக்கிறார், இந்தா. இது செல்லாட்டி அவரின்ர ஞானஸ்நானமும் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை தலைவருக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

ஃபாதர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பங்குச் சபைத் தலைவர்தான் அந்த வருடம் கோவில் கூரைக்குத் தகடு போடுவிக்கிறவர். பிறகு இழுப்பறையைத் திறந்து சீலை எடுத்தார். எந்தச் சட்ட எண்ணும் சொல்லவில்லை. பத்திரத்தில் குத்தினார், கையெழுத்து வைத்தார், என் பக்கம் தள்ளினார்.

வியாழக்கிழமை டிலானி அப்ளிகேஷனைக் கொடுத்தாள். அபிஷாவுக்கு இடம் கிடைத்தது. ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்பதால் தண்ணீர் ஊற்றாமல், எண்ணெயும் மெழுகுதிரியும் வெள்ளைச் சட்டையும் மட்டும் வைத்து ஒரு சின்னச் சடங்கு செய்தார்கள். முதல் தவணையில் இரண்டு தரம் பிள்ளைக்கு இழுப்பு வந்ததாம். இரண்டு தரமும் டிலானி அடுத்த பாட மணி அடிக்க முன்னர் பள்ளிக்கூடத்தில் நின்றாளாம். டிலானி எனக்கு அதைச் சொன்னபோது பழையபடி "மிஸ்" என்று கூப்பிட்டாள். எனக்கு அது போதும்.

பெரியவர்கள் இருவரும் திருந்தினார்களா என்று கேட்கிறீர்கள். அடுத்த ஞாயிறே எங்கள் ஃபாதர், வேறு சபைகளுக்குப் போகிறவர்கள் மீட்பின் கப்பலிலிருந்து குதிக்கிறார்கள் என்று பிரசங்கம் வைத்தார். அதே ஞாயிறு பாஸ்டர், தொட்டில் ஞானஸ்நானம் மனுஷர் கட்டளை என்று கத்தியதாக டிலானி சொன்னாள். இரண்டு பேருக்கும் நல்ல தொண்டை. நானும் நிறுத்தப்படவில்லை. சாவியை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

அந்தக் கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. சட்டம் கட்டாயம் படியுங்கள். படித்ததை எல்லாம் மேலிடத்துக்குக் கொண்டு ஓடாதீர்கள். நான் ஓய்வுக்குப் போவதற்கு முந்தைய மாதம் ஒரு தாய் வந்தாள், கையில் ஆறு மாதப் பிள்ளை. ஃபோம் நிரப்பும்போது, "மிஸ், பிள்ளை பிறந்த நேரம் நேர்ஸ் ஒருத்தி தண்ணி எடுத்து..." என்று தொடங்கினாள். நான் பேனையை வைத்துவிட்டு, எனக்கு இந்தக் காது கேட்காது, மற்றக் காதும் கேட்காது, ஞாயிறு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டாம் தரம் ஊற்றுவது பாவம் என்கிறது சட்டம். அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும். மேலே போன பிறகு விளக்கம் கேட்டால், சாட்சிக்கு நான் ஃபாதரைக் கூப்பிடமாட்டேன். பாஸ்டரைத்தான் கூப்பிடுவேன்.